விமானம் ஏறிப் போகும் வரைபடங்கள்

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் புதிதாக ஒரு கிடங்கோ பட்டறையோ திறப்பவர் எத்தனை காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டும் என்பது அங்கே தொழில் செய்கிற எல்லோருக்கும் தெரியும். உரிமம், வாடகை ஒப்பந்தம், தீப் பாதுகாப்புக்கு சிவில் டிஃபென்ஸ் ஒப்புதல், மின் இணைப்புக்கு வரைபடம். மின்பெட்டியைத் திறந்தால் எந்த பிரேக்கர் எந்த அறைக்கு என்று கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். அதே கட்டடத்தில் இன்வாய்ஸ், சம்பளக் கோப்பு, சுங்கப் பத்திரம், கேமரா, தொலைபேசி என எல்லாவற்றையும் சுமந்து ஓடுகிற ரவுட்டர், சுவிட்ச், ஃபயர்வால் பற்றி மட்டும் யாரும் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கேட்பதில்லை. கேட்டாலும் பல இடங்களில் இருக்காது. அந்த விவரம் ஒருவருடைய நினைவில் இருக்கிறது. அவர் விசாவை கேன்சல் செய்துகொண்டு திருச்சிக்கோ கொழும்புக்கோ விமானம் ஏறும் நாளில் அதுவும் கூடவே ஏறிவிடுகிறது. கருவி என்றால் பழுதாகத்தான் செய்யும். ஆனால், பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய பழுது இரண்டு நாளாக நீள்வதற்கு வளைகுடாவின் சிறு நிறுவனங்களில் முதல் காரணம், யாரும் எதையும் எழுதிவைக்காததுதான் என்பது என் கருத்து. எழுதிவைக்கும் வேலைக்கு நேரமும் கூலியும் ஒதுக்க வேண்டிய கடமை முதலாளியுடையது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ராக் செராமிக்ஸ், ஜுல்ஃபார் போன்ற பெரிய ஆலைகளைப் பற்றி இங்கே பேசவில்லை. அந்த அளவுள்ள நிறுவனத்துக்குத் தனி ஐ.டி. துறை கட்டுப்படியாகும். இந்த எமிரேட்டின் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி அதற்குக் கீழே நடக்கிறது. 2017-ல் இரண்டு பழைய தொழில் மண்டல அமைப்புகளை இணைத்து ராக்கெஸ் என்ற அமைப்பு உருவானது. அதன் கீழ் அல் ஹம்ராவிலும் அல் கெயிலிலும் இயங்குகிற பல்லாயிரம் நிறுவனங்களில் நான்கு மேசை அலுவலகங்களும் ஒற்றைக் கிடங்குகளும் ஏராளம். அங்கே ஐ.டி. என்பது ஒரே ஆள். ரவுட்டர், சுவிட்ச் மட்டுமில்லாமல் பிரிண்டர், கேமரா, கைரேகை வருகைப் பதிவுக் கருவி, லேபர் கேம்ப்பின் வைஃபை எல்லாம் அவர் தலையில்தான். அந்த ஒருவர் பல இடங்களில் தமிழராக இருக்கிறார், டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ முடித்து, சென்னையிலோ மதுரையிலோ சி.சி.என்.ஏ. என்ற நெட்வொர்க் பயிற்சி பெற்று வந்தவர். அவர் தாங்கிப் பிடித்திருக்கும் பாரம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. 2009 முதல் ஊதியப் பாதுகாப்பு முறையில் சம்பளம் வங்கி வழியாகப் போகிறது. 2018-ல் 5 சதவீத வாட் வந்தது. 2027 முதல் மின் இன்வாய்ஸ் கட்டம் கட்டமாகக் கட்டாயமாகிறது. இணைப்பு அறுந்தால் கணக்குப்பிள்ளை பேனாவை எடுத்துச் சமாளித்த காலம் முடிந்துவிட்டது.

மற்ற ஊர்களிலும் ஆட்கள் மாறுகிறார்கள், இங்கே மட்டும் என்ன விசேஷம் என்று கேட்கலாம். கோயம்புத்தூரில் ஒரு மில்லை விட்டு விலகியவர் அடுத்த தெருவில்தான் இருப்பார். போன் செய்தால் எடுப்பார். இங்கே வேலை முடிந்தால் தங்கும் உரிமையும் முடிகிறது. இரண்டாண்டு வேலை அனுமதி, குறிப்பிட்ட கால ஒப்பந்தம், 30 முதல் 90 நாள் வரை நோட்டீஸ் என்பதே இப்போதைய தொழிலாளர் சட்டத்தின் அமைப்பு. தகுதிகாண் காலத்தில் நாட்டைவிட்டே கிளம்புகிறவர் 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். அவருடைய சிம் கார்டுகூட எமிரேட்ஸ் ஐ.டி.யோடு கட்டப்பட்டது. அடையாள அட்டை ரத்தானால் எண் நிலைக்காது. அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யும் வராது. ஆள் மாறிக்கொண்டே இருப்பதுதான் இந்த மண்ணின் வேலை ஒழுங்கு. அப்படியிருக்க, நிலையாக ஒருவர் இருப்பார் என்ற நினைப்பில் நெட்வொர்க்கை நடத்துவது தவறான அஸ்திவாரத்தில் வீடு கட்டுவது.

எழுதிவைக்காத இடத்தில் பழுது தேடுவது எப்படியிருக்கும் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். காலையில் பாதிக் கணினிகளில் இன்டர்நெட் வருகிறது, பாதியில் வரவில்லை. முதல் சந்தேகம் தொலைபேசி நிறுவனத்தின் மேல் விழுகிறது. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்து அமீரகம் முழுக்க இணையம் மந்தமானது போன்ற நாட்கள் உண்டுதான், ஆனால் அவை அபூர்வம். நிறுவனத்தின் ஆள் வந்து ஃபைபர் பெட்டியில் தன் லேப்டாப்பைச் செருகி, வேகம் சரியாக வருவதைக் காட்டிவிட்டுப் போகிறார். ஆக, கோளாறு உள்ளேதான். ரேக் இருப்பது பான்ட்ரிக்குப் பின்னால், அரிசி மூட்டையும் டோனர் அட்டைப் பெட்டியும் அடுக்கிய அறையில். மாஸ்கிங் டேப்பில் பேனாவால் எழுதி ஒட்டிய லேபிள்கள் ஒரு கோடையின் வெக்கையில் பசை காய்ந்து ரேக்கின் அடியில் உதிர்ந்து கிடக்கின்றன. நாற்பத்தெட்டு போர்ட், நாற்பது நீலக் கேபிள். எது எந்த மேசைக்கு என்று சொல்ல ஆளில்லை. புதிதாக வந்தவர் ஒவ்வொன்றாக உருவி, யார் குரல் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மதியத்துக்குப் பிறகு தெரியவருகிறது: யாரோ ஒருவர் தன் அறையில் சிக்னல் போதவில்லை என்று வீட்டு வைஃபை ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சுவரிலுள்ள போர்ட்டில் செருகியிருக்கிறார். அது தன் பங்குக்கு ஐபி முகவரிகளை விநியோகிக்கத் தொடங்கியிருக்கிறது. அதனிடம் முகவரி வாங்கிய கணினிகளெல்லாம் தவறான வாசலைப் பார்த்து நிற்கின்றன.

அந்தப் புதியவருக்குத் தொழில் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. கணினியில் ஐபி முகவரியைப் பார்த்ததும் இது நம் அலுவலக வரிசை இல்லையே என்று சந்தேகப்படும் அறிவு அவருக்கு உண்டு. ஆனால் நம் வரிசை எது என்று எங்கும் எழுதியில்லை. வேற்று முகவரி எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்று சுவிட்சிடமே கேட்டு போர்ட் எண்ணைப் பிடிக்கலாம். சுவிட்சின் பாஸ்வேர்டு போனவரிடம். போர்ட் எண் கிடைத்தாலும் அது எந்த அறை என்று தெரியாது. அனுமதியில்லாத ரவுட்டர் முகவரி கொடுப்பதைத் தடுக்கும் வசதி அந்த சுவிட்சிலேயே இருக்கக்கூடும்; அதை இயக்குவதற்கும் உள்ளே போக வேண்டுமே. நான்கு வரிக் குறிப்பு இருந்தால் இவ்வளவும் தேநீர் ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

இது சிறிய இடத்து அவலம் மட்டுமே என்று ஒதுக்கவும் வழியில்லை. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு இணைந்த பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நெட்வொர்க் சுமார் நான்கு நாள் முடங்கியது. பரிசோதனை முடிவுகளும் மருந்துச் சீட்டுகளும் மறுபடி காகிதத்துக்கு வந்தன. சுவிட்சுகளுக்கிடையே தகவல் சுற்றிச் சுற்றி ஓடாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாட்டின் எல்லையைத் தாண்டி அந்த நெட்வொர்க் துண்டு துண்டாக வளர்ந்திருந்தது. ஓர் ஆய்வாளரின் மென்பொருள் கொட்டிய தகவல் வெள்ளத்தை அதனால் தாங்க முடியவில்லை. நான் மிகவும் மதிப்பது அதற்குப் பிறகு நடந்ததை. மருத்துவமனையின் தகவல்துறைத் தலைவர் ஜான் ஹலம்கா எதையும் மறைக்காமல், கற்ற பாடங்களைப் பொதுவில் எழுதினார். எந்தத் தனியொருவரையும் நெட்வொர்க்கின் ஒற்றைத் தூணாக ஆக்காதீர்கள், மாற்றங்களைக் கண்டிப்பான முறைப்படி செய்யுங்கள் என்பவை அவற்றில் இரண்டு. அத்தனை வசதியும் நிபுணர்களும் உள்ள மருத்துவமனைக்கே அந்த நிலை என்றால், அல் கெயிலின் கிடங்குக்குச் சொல்லவே வேண்டாம்.

தனியொருவரிடம் எல்லாம் தங்குவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சான் ஃபிரான்சிஸ்கோ மாநகராட்சி ஓர் உதாரணம். அங்கே ஃபைபர் நெட்வொர்க்கை நிர்வகித்த டெர்ரி சைல்ட்ஸ், 2008 ஜூலையில் மேலதிகாரிகளிடம் பாஸ்வேர்டுகளைத் தர மறுத்ததால் கைதானார். நெட்வொர்க் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதில் கைவைக்க மாநகராட்சியில் யாராலும் முடியவில்லை. கடைசியில் மேயர் கேவின் நியூசமே சிறைக்குப் போய்த்தான் பாஸ்வேர்டுகளை வாங்கினார். 2010-ல் சைல்ட்ஸுக்கு நான்காண்டுச் சிறை. அந்த வழக்கில் வெளிவந்த ஒரு செய்தி நம் ஊர் டெக்னீஷியன்கள் கவனிக்க வேண்டியது: சில கருவிகளில் கான்ஃபிக், அதாவது கருவியின் அமைப்பு விவரம், நிரந்தர நினைவகத்தில் சேமிக்கப்படவே இல்லை, மின்சாரம் போய் வந்தால் எல்லாம் அழிந்திருக்கும். அவர் அதை வேண்டுமென்றே பாதுகாப்புக்காகச் செய்தார். நம் சிறு அலுவலகங்களில் அதே நிலை மறதியால் வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக் வேறு, மறுபடி இயங்கும்போது கருவி எடுத்துக்கொள்ளும் கான்ஃபிக் வேறு. மாற்றத்தைச் செய்துவிட்டு, வேலை நடக்கிறது என்று பார்த்துவிட்டு, சேமிக்கும் அந்த ஒரு கட்டளையை அடிக்காமல் எழுந்துபோனால் அன்று எதுவும் நடக்காது. எட்டு மாதம் கழித்து யு.பி.எஸ். பேட்டரி செத்த இரவில், சுவிட்ச் எட்டு மாதப் பழைய நினைவோடு எழுந்து உட்காரும். அப்போது மாற்றம் செய்தவர் இராமநாதபுரத்தில் இருப்பார்.

ஃபயர்வாலின் கதை இதைவிடக் கவலை தருவது. சுவிட்ச் கோளாறு உடனே சத்தம் போடும்; ஃபயர்வால் கோளாறு சத்தமே இல்லாமல் இருக்கும். கேமராவை வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்று முதலாளி கேட்டதற்காக ஒரு போர்ட் திறக்கப்பட்டிருக்கும். மென்பொருள் விற்றவர் தொலைவிலிருந்து சரிசெய்ய வேண்டும் என்று ‘எல்லோருக்கும் எல்லாம் அனுமதி’ என்ற விதி ஒன்று ஒரு மதியத்துக்காகச் சேர்க்கப்பட்டு, மூன்றாண்டாக அங்கேயே இருக்கும். ஏன் இது, யாருக்காக, எதுவரை என்று எழுத ஒவ்வொரு விதிக்கும் பக்கத்திலேயே ஓர் இடம் உண்டு. அது காலியாக இருக்கும். அடுத்து வருகிறவர் அதை நீக்கப் பயப்படுவார். நீக்கினால் எது நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. ஃபர்ம்வேர் அப்டேட் செய்யவும் அதே பயம்தான், ஏனென்றால் கான்ஃபிக் நகல் கிடையாது. இப்படித்தான் ஓட்டைகள் பழசாகின்றன. ஃபயர்வால் தயாரிக்கும் ஃபோர்டிநெட் நிறுவனம் 2019 மே மாதம் அடைத்துக் கொடுத்த ஓட்டை ஒன்றின் வழியே திருடப்பட்ட சுமார் 87,000 கருவிகளின் வி.பி.என். பாஸ்வேர்டுகள் 2021 செப்டம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. மருந்து வந்து இரண்டாண்டுக்கு மேலாகியிருந்தது. அந்தக் கருவிகளின் உரிமையாளர்கள் எல்லோரும் அலட்சியக்காரர்கள் என்று நான் நம்பவில்லை. தன்னிடம் என்ன கருவி, எந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற பட்டியலே இல்லாதவருக்கு எச்சரிக்கை வந்தாலும் அது தனக்கு வந்தது என்று தெரியாது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் பாதுகாப்பு பற்றியது நியாயமானது: எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிவைத்தால் திருடனுக்கு வழிகாட்டிப் பலகை வைத்தது போலாகாதா? ஆகும், எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் எழுதினால். வரைபடமும் பாஸ்வேர்டும் சேர்ந்திருக்கக் கூடாது. வரைபடம் கோப்பில் இருக்கட்டும். பாஸ்வேர்டுகள் முத்திரையிட்ட உறையில், வாட் கணக்கையும் பாஸ்போர்ட் நகலையும் வைக்கிற இரும்புப் பெட்டியில் இருக்கட்டும். கான்ஃபிக் நகலுக்குள்ளும் பாஸ்வேர்டு இருக்கும். அதைப் பூட்டிய கோப்பாகத்தான் வைக்க வேண்டும். இப்போது அவையெல்லாம் எங்கே இருக்கின்றன என்பதையும் யோசிக்க வேண்டும். டெக்னீஷியனின் வாட்ஸ்அப்பில், தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட செய்தியாக; அவருடைய சொந்த ஜிமெயிலில்; மானிட்டருக்குக் கீழே ஒட்டிய மஞ்சள் சீட்டில். எழுதிவைப்பதன் ஆபத்தை இவற்றோடு ஒப்பிட்டுத்தான் எடைபோட முடியும்.

இப்போதெல்லாம் கருவிகளை கிளவுடிலிருந்தே பார்க்கலாம், வரைபடம் தானே வந்துவிடும், எதற்கு இந்தக் காகித வேலை என்று இன்னொரு கேள்வி. வசதிதான், சிறு நிறுவனங்களுக்கு நான் பரிந்துரைப்பேன். ஆனால் அந்த கிளவுட் கணக்கு யார் பெயரில் தொடங்கப்பட்டது? ஐ.டி. ஆளின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கி, ஓ.டி.பி. அவருடைய போனுக்குப் போகிறது என்றால், பழைய நினைவுப் பூட்டுக்குப் பதில் புதிய பூட்டு ஒன்று வாங்கியதுதான் மிச்சம். பழைய சுவிட்சையாவது ரீசெட் பொத்தானை அழுத்தி மீட்கலாம். கிளவுட் கணக்கோடு கட்டப்பட்ட கருவியை, அந்தக் கணக்கிலிருந்து விடுவிக்காதவரை வேறொருவர் எடுத்தாள முடியாமல் போவதுண்டு. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம் என்பவர்களிடமும் இதையே கேட்க வேண்டியிருக்கிறது. அந்த ஒப்பந்தக் கம்பெனியிலும் ஆட்கள் மாறுகிறார்கள். வரைபடமும் கான்ஃபிக் நகலும் பணம் கொடுக்கும் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லையென்றால், கம்பெனியை மாற்றும் நாளில் எல்லாம் முதலிலிருந்து.

எனக்கு மிகவும் கனமாகத் தெரிகிற மறுப்பு வேலை செய்கிறவர்களிடமிருந்து வருவது. தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் என்னைவிடக் குறைந்த சம்பளத்துக்கு ஒருவரைக் கொண்டுவந்து என்னை அனுப்பிவிடுவார்களே என்ற பயம். இதை யாரும் கற்பனை என்று சொல்ல முடியாது. கடன் வாங்கி வந்தவருக்கு, மாதா மாதம் ஊருக்கு அனுப்பியாக வேண்டியவருக்கு, தன் தலையில் உள்ளதுதான் ஒரே காப்பு. அப்படிச் செய்யும் முதலாளிகளும் இருப்பார்கள் என்பதை மறுக்கவும் மாட்டேன். இருந்தாலும் அந்தக் காப்புக்கு அவர் கொடுக்கும் விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுமுறையில் தங்கை கல்யாணத்தில் நிற்கும்போது போன் வரும்: நெட் போய்விட்டது, என்ன செய்வது? வேலையை விட்ட பிறகும் வரும். பழக்கத்துக்காகவும் நிலுவைச் சம்பளத்துக்காகவும் அவர் ஊரிலிருந்து பழைய பாஸ்வேர்டால் உள்ளே நுழைந்து சரிசெய்து கொடுப்பார். 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த அமீரக சைபர் குற்றச் சட்டத்தில் அனுமதியில்லாமல் ஒரு கணினி அமைப்புக்குள் நுழைவது குற்றம். வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டதை நாளைக்கு யார் நிரூபிப்பது? அந்த அலுவலகத்தில் பின்னொரு நாள் கோப்புகள் திருடுபோனால், இன்னும் உயிரோடிருக்கும் பழைய பாஸ்வேர்டு முதலில் யாரைச் சுட்டும்? சாவியை முறைப்படி ஒப்படைத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் பெற்று வருவது அவருக்கே பாதுகாப்பு. தேர்ந்த டெக்னீஷியனின் மதிப்பும் பாஸ்வேர்டில் இல்லை. குழம்பிக் கிடக்கும் இடத்தில் எங்கே தொடங்குவது என்று அறிந்த பக்குவத்தில் இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தாலும் இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தப் பயம் உண்மையானது என்பதால்தான் பொறுப்பை டெக்னீஷியனின் நல்ல மனசில் விடக் கூடாது என்கிறேன். முதலாளி கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் நேரம் கொடுக்க வேண்டும். நான்கு மேசை அலுவலகத்துக்கு இரண்டு நாள் வேலை. இணைப்பு எங்கிருந்து வந்து எதன் வழியாகப் போகிறது என்று ஒரு படம். போர்ட் எண்ணும் அறையும் ஒரு பட்டியல். ஐபி வரிசைகள். கருவிகளின் மாதிரி, வாங்கிய தேதி, உரிமம் முடியும் தேதி. ஃபயர்வால் விதி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம். பிறகு, மாற்றம் செய்த தேதியும் செய்தவர் பெயரும் எழுத ஒரு நோட்டு. அச்சடித்த லேபிள் கேபிளின் இரு முனையிலும். இதில் ஆடம்பரம் என்று ஒன்றுமில்லை. மொழியிலும் கவனம் வேண்டும்: அடுத்து வருபவர் மலையாளியாகவோ பாகிஸ்தானியாகவோ பிலிப்பினோவாகவோ இருக்கலாம், ஆகவே எளிய ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

நம் பயிற்சி மையங்களுக்கும் இதில் பங்குண்டு. அங்கே மாணவர் கணினித் திரையில் முதலில் வரைபடத்தை வரைகிறார். ரவுட்டரை வைத்து, சுவிட்சை வைத்து, கோடு இழுத்து, பிறகு கட்டளை அடிக்கிறார். வேலையிடத்தில் எல்லாம் தலைகீழ். கேபிள் இருக்கும், கருவி இருக்கும், வரைபடம் இருக்காது. இருப்பதைப் பார்த்து வரையக் கற்றுக்கொடுக்காமல் அனுப்புகிறோம். பெயர் தெரியாத ஒரு ரேக்கின் முன் மாணவரை நிறுத்தி, மாலைக்குள் இதைப் படமாக்கு என்று ஒரு தேர்வு வைத்தால், நூறு கட்டளைகளை மனப்பாடம் செய்வதைவிட அது வளைகுடாவில் அதிகம் உதவும்.

சட்டம் போட்டு எல்லாச் சிறு நிறுவனங்களையும் தணிக்கைக்கு இழுக்க வேண்டும் என்று நான் கோரவில்லை. அரசுத் துறைகளுக்கும் இன்றியமையாத துறைகளுக்கும் உள்ள தகவல் பாதுகாப்பு விதிகளை அல் ஹம்ராவின் ஓர் அறை அலுவலகத்தின் மேல் ஏற்றினால் அது தாங்காது. ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தோடு இதைச் சேர்த்தால் போதும். வேலை முடிந்த 14 நாளுக்குள் பணிக்கொடை உட்பட எல்லா நிலுவையையும் தீர்க்க வேண்டும் என்று அமீரகச் சட்டம் சொல்கிறது. அந்தச் சமயத்தில் இருதரப்பும் ஒரு செட்டில்மென்ட் தாளில் கையெழுத்திடுகிறார்கள். நோட்டீஸ் காலத்தின் கடைசி இரண்டு வாரத்தை ஒப்படைப்புக்கென்றே ஒதுக்கி, அந்தத் தாளில் இரண்டு வரி சேர்க்கலாம்: நெட்வொர்க் வரைபடமும் கான்ஃபிக் நகலும் பெற்றுக்கொள்ளப்பட்டன என்று ஒன்று, இன்ன தேதியில் எல்லா பாஸ்வேர்டுகளும் மாற்றப்பட்டன, இனி இவரிடம் எந்த அணுகலும் இல்லை என்று இன்னொன்று. முதல் வரியில் முதலாளிக்குத் தன் நெட்வொர்க் திரும்பக் கிடைக்கிறது. இரண்டாவது வரியின் நகலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு டெக்னீஷியன் விமானம் ஏறலாம்.